தேறு, தேற்று: ‘அப் டு ஸ்கிராட்ச்’, ‘ஆன் த மெண்ட்’ இரண்டுக்கும் தமிழ்

ஆளோ பொருளோ சீர்ப்படுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் மரபுத்தொடர்கள் ஏராளம். அவற்றில் இரண்டுக்கு, நாகர்கோவில் வட்டாரத்தில் அன்றாடம் வாயில் புழங்கும் ஒரே வினைச்சொல் போதும்: தேறு.

‘அப் டு ஸ்கிராட்ச்’ குத்துச்சண்டைக் களத்தில் பிறந்தது. கையுறை இல்லாமல் மோதிய காலத்தில் களத்தின் நடுவே ஒரு கோடு கீறியிருப்பார்கள். அந்தக் கீறல்தான் ஸ்கிராட்ச். 1838-இல் வகுத்த லண்டன் விதிகளின்படி, ஒருவர் விழுந்ததும் சுற்று முடிந்துவிடும். 30 விநாடி ஓய்வு. அடுத்த 8 விநாடிக்குள் யாரும் தாங்காமல் தானே நடந்து கோட்டுக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் தோல்வி. அதிலிருந்துதான் ‘வேண்டிய தரத்தை எட்டுதல்’ என்ற பொருள் வந்தது. ஆங்கிலத்தில் இத்தொடர் பெரும்பாலும் ‘எட்டவில்லை’ என்று குறை சொல்லவே வரும். நம் ‘தேறாது’ என்பதும் அப்படித்தான்: “இந்த வேலை தேறாது”, “இவன் தேறமாட்டான்”. வடசேரி சந்தையில் மட்டி வாழைக்குலையைத் திருப்பிப் பார்த்து, “இதுல நல்ல காய் எத்தனை தேறும்?” என்று கேட்டால், அடிபட்டதையும் வெடித்ததையும் பிஞ்சையும் கழித்து மிஞ்சுவது எவ்வளவு என்று கேள்வி. தரமும் அளவும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

‘ஆன் த மெண்ட்’ வேறு வழியில் வந்தது. மெண்ட் என்பது அமெண்ட் என்பதன் குறுக்கம். அதன் வேரான லத்தீன் சொல்லுக்குக் குற்றத்தை வெளியே எடுத்தல் என்று பொருள்; அதாவது பழுது நீக்கல். நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது, குணமாகிக்கொண்டிருக்கிறார், இன்னும் முழுக்க ஆகவில்லை என்பதே இத்தொடரின் கருத்து. ஆகவே ‘தேறிவிட்டார்’ என்று எழுதுவது பிழை. ‘தேறி வருகிறார்’ என்பதே சரி. குமரிப் பேச்சு இதை இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. “தீனம் மாறிட்டு, ஆளு தேறி வாறான்” என்பார்கள். நோய் போவது ஒன்று, உடம்பு பழைய நிலைக்கு வருவது வேறொன்று. இந்த வேறுபாட்டைக் கைவிடாமல் எழுத வேண்டும்.

தேறு என்றால் முதலில் கலங்கல் நீங்கித் தெளிதல். தெளிந்த கள் தேறல். கலங்கல் நீரைத் தேற்றுவது தேற்றாங்கொட்டை; பேச்சில் தேத்தாங்கொட்டை. மண்பானையின் சொரசொரப்பான உட்புறத்தில் கொஞ்சம் நீர் விட்டுக் கொட்டையைத் தேய்க்க வேண்டும். வரும் விழுதைக் கலங்கல் நீரில் கலக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வைத்தால் சேறு அடியில் படியும். நுண்ணிய மண்துகள்கள் விழுதில் ஒட்டித் திரண்டு கனப்பதே காரணம். பானையை அசைத்தால் படிந்தது மறுபடி எழும். மேல்நீரை மெதுவாக வடித்து, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், ஏனென்றால் கொட்டை சேற்றைப் படிய வைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. உப்புநீரை நன்னீராக்கவும் செய்யாது. கலித்தொகையில் துயர் நீங்கிய ஒருத்தியை, ‘இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து நலம்பெற்றாள்’ என்கிறார் புலவர். இல்லம் என்பது தேற்றாமரம், காழ் அதன் விதை. உடல் தேறுவதும் மனம் தேறுவதும் இந்த ஓர் உவமையில் கூடிவிடுகின்றன. இவ்வளவு பழைய, உயிருள்ள சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘மேம்பாடு அடைந்தார்’ என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பிறவினையான ‘தேற்று’, இன்றைய எழுத்துத் தமிழில் ஆறுதல் சொல்வதையே குறிக்கிறது. ‘நொடித்த கடையைத் தேற்றினார்’ என்றால் கடைக்கு ஆறுதல் சொன்னதுபோல் ஆகும். அங்கே ‘தூக்கி நிறுத்தினார்’ என எழுதலாம். பேச்சில் இந்தச் சிக்கல் இல்லை: பிள்ளை பெற்றவளை உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொடுத்துத் ‘தேத்தி எடுப்பார்கள்’. குடும்பம் வறுமையிலிருந்து மீண்டால் ‘தலையெடுத்தது’.

சீர்ப்படுவதைச் சொல்லும் இன்னொரு தொடரான ‘டர்ன் ஓவர் எ நியூ லீஃப்’ என்பதில் லீஃப் மரத்து இலை அல்ல, புத்தகத்தின் தாள். ‘புதிய இலையைத் திருப்பினான்’ என்றால் சாப்பாட்டு இலைதான் நினைவுக்கு வரும். ‘புது ஏடு தொடங்கினான்’ என்பதும் குமரியில் ஆகாது. இங்கே ஏடு தொடங்குதல் விஜயதசமியன்று குழந்தைக்கு எழுத்தறிவிப்பது. ‘திருந்தினான்’ என்று எழுதினால் முழுப் பொருளும் வந்துவிடும்.

கட்டடத்துக்குச் சொல்லும் ‘ஃபேஸ்லிஃப்ட்’ வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுவது. அதற்கு மராமத்து பொருந்தாது. அரபியிலிருந்து வந்த அந்தச் சொல், திருவிதாங்கூர் அரசின் பொதுப்பணித் துறைக்கே பெயராக இருந்ததால் இங்குள்ளோருக்கு நெருக்கமானது, தமிழில் செப்பனிடல். ஒழுகும் ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கட்டினால் செப்பனிடல். சுவருக்குச் சாயம் மட்டும் பூசினால் புதுப்பொலிவு.