உறைபனிக் காலத்தில் கோழி அடையும் இடம்

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனி மாதங்களில், வீட்டுக்கோழிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சிகிச்சைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, இரவில் கோழி எங்கே அடைகிறது என்பதுதான். குளிர் படாமல் இருக்கக் கூண்டின் நான்கு பக்கமும் தார்ப்பாயும் சாக்கும் போட்டு இறுக்க மூடிவிட்டோம் என்பதே பலரும் சொல்லும் பதில். அக்கறையோடு செய்யப்படும் இந்த மூடல்தான் பெரும்பாலான சளித் தொல்லைக்குத் தொடக்கமாக அமைகிறது என்பதைக் கோழி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இரவில் அது இறகுகளைச் சிலிர்த்து அவற்றின் இடையே காற்றை அடக்கிக்கொள்கிறது; தலையை முதுகிறகுக்குள் செருகி, கால் விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொண்டு அமர்கிறது. உடல்நலமுள்ள நாட்டுக்கோழி, இறகு உலர்ந்திருக்கும்வரை, வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கும் உதகை இரவையும் தாங்கிவிடும். இறகு நனைந்துவிட்டால் உள்ளே அடங்கிய காற்று வெளியேறி அந்தக் காப்பு போய்விடுகிறது. ஆகவே நாம் அஞ்ச வேண்டியது ஈரத்துக்குத்தான்.

அந்த ஈரம் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. கோழி விடும் மூச்சிலும் எச்சத்திலும் நிறைய நீர் இருக்கிறது. மூடிய கூண்டில் அது வெளியேற வழியின்றிச் சுவரிலும் கூரையிலும் படிகிறது. ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பி, மூச்சுக்குழாயின் உட்புறத்தைக் காக்கும் நுண்மயிர்களைச் சிதைக்கிறது. அதன்பின் மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் எளிதில் நுழைந்துவிடுகின்றன. விடியற்காலையில் கதவைத் திறந்ததும், கோழி உட்காரும் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். மூக்கில் நெடி ஏறினாலோ கண் எரிந்தாலோ, இரவு முழுவதும் கோழி அதைத்தான் சுவாசித்திருக்கிறது.

கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் காற்றுப்போக்கிகள் திறந்திருக்க வேண்டும். கோழி அமரும் மட்டத்தில் மட்டும் காற்று நேராக வீசாதபடி பலகை அடைத்தால் போதும். மரநாயும் கீரியும் நுழையாதிருக்கத் திறப்புகளுக்கு நெருக்கமான கம்பிவலை அவசியம். மலைப்பகுதிகளில் பரவலாக உள்ள தகரக் கூரையில் வேறொரு சிக்கல் உண்டு: தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் விரைவில் குளிர்ந்து, கோழியின் மூச்சீரம் அதன் அடிப்பக்கத்தில் நீராகக் கோத்து, கோழியின் முதுகிலேயே சொட்டுகிறது. தகரத்துக்குக் கீழே ஓர் இடைவெளி விட்டுப் பலகையோ மூங்கில் தட்டியோ பொருத்துவது நல்லது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால், தோட்டத்தின் அடிமூலையை விட்டுச் சற்று மேட்டில், காலை வெயில் படும் இடத்தில் கூண்டை அமைப்பது விரும்பத்தக்கது.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், இரண்டு அங்குல அகலமுள்ள தட்டையான கட்டை, கோழி ஒன்றுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்ற கணக்கில் இருந்தால், அவை ஒன்றையொன்று ஒட்டி அமர்ந்து வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும். கீழே மரச்சீவலோ நெல் உமியோ ஐந்தாறு அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறி, கட்டியான ஈரக்கூளத்தை அகற்றிவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை இரவில் வெளியே எடுத்துவிடலாம். அடையும் முன் கம்போ உடைத்த மக்காச்சோளமோ சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால், அது செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் இரவில் உதவும்.

கூண்டுக்குள் கரிச்சட்டி வைப்பதை மட்டும் எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மூடிய அறையில் கரி மூட்டி உறங்கிய மனிதர்களே கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்திருக்கிறார்கள். வேகமாக மூச்சிழுக்கும் பறவையை அது இன்னும் விரைவில் தாக்கும். உமிமேல் தாழத் தொங்கும் மின்விளக்கு தீப்பிடிக்கக் காரணமாகலாம்.

குஞ்சுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தாய்க்கோழியின் அணைப்பு இல்லாத குஞ்சுக்கு முதல் வாரத்தில் 35 டிகிரி வரை வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரியளவில் குறைத்து வரலாம். அவற்றைப் பெரிய கோழிகளோடு விடாமல், வீட்டுக்குள் உறுதியாகக் கட்டிய விளக்கின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் வெப்பம் போதவில்லை. விலகி ஓரமாக ஒதுங்கினால் மிகுதி. இறகு உதிர்க்கும் கோழியும் மொட்டைக்கழுத்துக் கோழியும் குளிரை அதிகம் உணர்வதால், அவற்றுக்குக் கட்டையின் ஓரத்தைத் தவிர்த்து நடுவில் இடம் கிடைக்கிறதா என்று இருட்டியபின் ஒருமுறை பாருங்கள். மூக்கில் நீர் வடிதல், முகவீக்கம், மூச்சில் கொர்கொர் என்ற ஒலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்தக் கோழியை அன்றே தனியே பிரித்து, கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.