உடைந்த பாதத்துடன் 26 கிலோமீட்டர்

கடந்த ஆண்டு மழைக்காலம் முடிந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், 38 வயதுள்ள ஒரு பெண் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு என் சிகிச்சை அறைக்குள் நொண்டியபடி வந்தார். முந்தைய நாள்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த 50 கிலோமீட்டர் டிரெயில் (காட்டு, மலைப் பாதை) ஓட்டத்தை, 12 மணி நேரக் கெடு முடிய 20 நிமிடம் இருக்கும்போது முடித்திருந்தார். 29ஆவது கிலோமீட்டரில், தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில் ஈரக் கல்லை மிதித்து வலது கால் பிரண்டிருக்கிறது. 34ஆவது கிலோமீட்டரை ஒட்டிப் பாதை தவறி, ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியிருக்கிறார். "சுளுக்குத்தான் டாக்டர், நடக்க முடிகிறதே" என்றார். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன். ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு ஓட்டப் பருவத்திலும் பலரிடம் கேட்கிறேன்.

கால் பிரண்டவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளில் ஒன்று. அந்த விதியின் மறுபாதியைத்தான் நம் ஓட்டக்காரர்கள் அறிவதில்லை. நடக்க முடிந்தாலும், கணுக்கால் முட்டிகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, உட்பாத வளைவின் மேற்பகுதியிலுள்ள எலும்பிலோ, சுண்டுவிரலை நோக்கிச் செல்லும் நீண்ட எலும்பின் அடிப்பகுதியிலோ அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தால், அப்போதும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். நான் அவருடைய பாதத்தின் வெளியோரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து, நடுவில் மேடாகத் தட்டுப்படும் இடத்தை லேசாக அழுத்தினேன். அவர் கட்டிலின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். கணுக்கால் உட்புறமாக மடங்கும்போது அந்த இடத்தோடு இணைந்திருக்கும் தசைநாரும் பாதத்தின் அடிச்சவ்வும் சுண்டி இழுக்கப்பட்டு, எலும்பின் ஒரு துணுக்கையே பெயர்த்துவிடும். எக்ஸ்ரேயில் அந்தத் துணுக்கு தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காலோடு அவர் 26 கிலோமீட்டர் கடந்திருந்தார்.

எப்படி முடிந்தது என்று வியப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட ஓட்டத்தின்போது உடலே வலியை மட்டுப்படுத்திக் கொடுக்கும். இறுக்கிக் கட்டிய காலணியும் ஓரளவு கட்டுப்போட்டதுபோல் தாங்கிப் பிடிக்கும். குளித்துவிட்டு உட்காரும்போதுதான் வலி முழுதாக வந்து சேரும். ஆகவே ஓடும்போது உணரும் வலியின் அளவை வைத்துக் காயத்தின் அளவைக் கணிக்க இயலாது. அன்று மாலையே உறவினர் ஒருவர் எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழித்துவிட முன்வந்தாராம். இவர் வலி தாங்காமல் மறுத்ததே நல்லதாயிற்று. எக்ஸ்ரே பார்க்காத காலை எவரும் உருவி இழுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர் வழி தவறிய கதை. கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்த பாதையைக் கைப்பேசியில் விரித்துக் காட்டினார். 29ஆவது கிலோமீட்டர் வரை ஒழுங்காக வந்த கோடு, அதன்பின் மெதுவாகி, 34ஐத் தாண்டியதும் இடப்புறம் பிரிந்து ஓடையை நோக்கி இறங்கி, அங்கே மூன்று முறை முன்னும் பின்னும் கிறுக்கியதுபோல் சிக்கலாகிக் கிடந்தது. திருப்பத்தில் வழிகாட்டும் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆனால் அது கண் உயரத்தில் ஒரு மரக்கிளையில் இருந்தது. அவரோ, அடுத்த கல்லில் கால் மீண்டும் மடங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில், தன் பாதத்துக்கு இரண்டடி முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். காயம் வேறு, வழி தவறுவது வேறு என்றே பலரும் நினைக்கிறார்கள். என்னிடம் வந்தவர்களின் பதிவுகளைப் பார்த்த வரையில், முதலாவதுதான் பெரும்பாலும் இரண்டாவதைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அதனால் காலில் அடிபட்டவர் ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் நின்று, தலையை நிமிர்த்தி, அடுத்த ரிப்பன் எங்கே என்று தேடிக் கண்டபின்பே நகர வேண்டும். கெடு நேரம் நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் இதை விட்டுவிட்டால், மிச்சப்படுத்திய நிமிடங்களைப்போலப் பல மடங்கை ஓடையோரத்தில் தொலைக்க நேரும்.

ரிப்பன் கண்ணில் படாமல் ஐந்து நிமிடம் கடந்துவிட்டது என்றால் நின்றுவிடுங்கள். கடைசியாகப் பார்த்த ரிப்பனுக்கு வந்த வழியே திரும்புங்கள். வந்த வழியும் உறுதியாகத் தெரியவில்லையென்றால் இருக்கும் இடத்திலேயே இருந்து விசிலை மும்மூன்று முறையாக, இடைவெளி விட்டு ஊதுங்கள். 1994இல் சகாரா பாலைவனத்தில் நடந்த மரத்தான் தே சாப்ல் ஓட்டத்தில், மணற்புயலுக்கு இடையே நகர்ந்துகொண்டே இருந்த இத்தாலியக் காவலர் மௌரோ ப்ரோஸ்பெரி, மொராக்கோவில் தொடங்கிய பாதையிலிருந்து விலகி, ஒன்பது நாட்களுக்குப் பின் அல்ஜீரியாவுக்குள் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார். நம் மலைகளில் அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தபின் சோலைக்காட்டு ஓரத்தில் யானையோ காட்டெருமையோ எதிர்ப்படுவதற்குத் தவறான ஒரு கிலோமீட்டரே போதும். என்னிடம் வந்த பெண்ணைக் காப்பாற்றியது, கொழுந்து மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டு தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் மூத்த அம்மா முன்னால் நடந்து, ரிப்பன் தெரியும் இடம் வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கூடுதல் ஐந்து கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வலி தாங்குவதற்காக அவர் இரண்டு முறை 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் விழுங்கியிருந்தார். இதைச் சொன்னபோதுதான் எனக்குக் கவலை கூடியது. நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்கு இரத்தம் தடையின்றிச் சென்று சேர, உடலே சில வேதிப்பொருட்களைச் சுரந்து அதன் இரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த மாத்திரை அந்தச் சுரப்பைத்தான் தடுக்கிறது. 80 கிலோமீட்டர் ஓட்டம் ஓடியவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கும், ஐபுப்ரோஃபென் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டன. சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். "வரக்காப்பி மாதிரி" என்றார். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் கூடியிருந்தது. தசை சிதைந்ததைக் காட்டும் சி.பி.கே. அளவும் உயர்ந்திருந்தது. சிறுநீரக மருத்துவரின் கண்காணிப்பில் நான்கு நாட்களில் இரண்டும் இறங்கின. கால் எலும்பைவிட இதுதான் உயிருக்கு நெருக்கமான ஆபத்து. ஓட்டத்தின் நடுவே வலி மாத்திரை வேண்டாம். மாத்திரை போட்டால்தான் அடுத்த அடி வைக்க முடியும் என்ற நிலை வந்துவிட்டால், அடுத்த செக்பாயின்ட்டோடு அன்றைய ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரையும் சொல்லாமல் விட முடியாது. ஓடும் உடல் தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்கிறது. நொண்டத் தொடங்கியதும் அந்தச் சூடு குறைந்துவிடும், ஆனால் வியர்வையில் நனைந்த பனியன் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீரென்று வீசிய பனிக்காற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் சிக்கி, மெல்லிய உடையோடு இருந்த 21 பேர் இறந்துபோனார்கள். ஓர் ஆடு மேய்ப்பவர் தன் குகையில் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும் காற்றுத் தடுப்புச் சட்டையை, வெயில் அடிக்கிறது என்று காரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஸ்பெயினின் மலை ஓட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் 2017இல் அமெரிக்காவின் ஹார்ட்ராக் 100 மைல் ஓட்டத்தில் விழுந்து தோள் மூட்டு விலகியபின்பும் அதைத் தானே பொருத்திக்கொண்டு முதலிடம் பெற்றதை, அந்தப் பெண்ணின் கணவர் எனக்கு நினைவுபடுத்தினார். உண்மைதான். ஆனால் ஜோர்னெட்டுக்கு அடிபட்டது கையில். அதைத் தொட்டில்போல் கட்டித் தூக்கிக்கொண்டு, அடிபடாத இரண்டு கால்களால் ஓடினார். பாதத்தை அப்படித் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

அந்தப் பெண்ணுக்குக் கெட்டியான அடிப்பாகம் கொண்ட பூட் அணிவித்து, ஆறு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு சேர்ந்திருந்தது. அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா என்று அன்றே கேட்டார். வலது காலால் மட்டும் நின்று கண்ணை மூடச் சொன்னேன். ஏழு நொடியில் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். இடது காலில் 30 நொடி தாண்டியும் நின்றார். அந்த இரண்டு எண்களையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் பல் துலக்கும்போது வலது காலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். போன வாரம் 19 ஆகியிருக்கிறது.