துடுப்பைப் பிடிக்கும் கை கொஞ்சம் தளரட்டும்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி காரைக்குடியில் உள்ள என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். முந்தின ஞாயிறு தொண்டிப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் நண்பர்களோடு கயாக் என்கிற குறுகலான துடுப்புப் படகு ஓட்டியிருக்கிறார். "அக்கா, காப்பி டம்ளரைத் தூக்கினாலே சுருக்குனு இழுக்குது" என்றார். மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, பெருவிரல் பக்கம் லேசான வீக்கம். அங்கே விரலை வைத்து மணிக்கட்டை மடக்கி நீட்டச் சொன்னேன். அரிசி களையும்போது கையில் தட்டுப்படுமே, அதே நறநறப்பு. தசைநாண்கள் உரசி உரசிப் புண்பட்டிருந்தன.

ஒட்டடைக்கம்பைக் கொடுத்துத் துடுப்புப் போட்டுக் காட்டச் சொன்னேன். விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்கு ஒரே இறுக்கம்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்னங்கையில்தான் இருக்கின்றன. பிடி தளராதவரை அவற்றுக்கு ஓய்வே இல்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம்போலச் சுற்றியிருந்தால் போதும். இழுக்கிற கை வெறும் கொக்கி. தள்ளுகிற கை விரல்களை விரித்து, உள்ளங்கையால் தள்ள வேண்டும். பலம் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்புவதிலிருந்து வரட்டும். பாதத்தருகே துடுப்பை இறக்கி, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சில துடுப்புகளில் இரண்டு பக்கத்து அலகும், அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான முனைகள், ஒன்றுக்கொன்று கோணலாக இருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் பைக் ஆக்சிலரேட்டரை முறுக்குவதுபோல ஒரு மணிக்கட்டு திரும்பியாக வேண்டும். நாள் முழுக்க பைக் ஓட்டுகிற கைக்கு இது கூடுதல் சுமை. துடுப்பின் நடுவில் பொத்தான் இருந்தால், ஏறும் முன்பே கோணத்தைப் பூஜ்ஜியத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். அப்புறம், துடுப்பைத் தலைமேல் வைத்து முழங்கைகள் 90 டிகிரியில் மடங்கும் இடம் பாருங்கள். கைகளுக்கு அந்த இடைவெளி சரி.

வலி வந்த பின் எண்ணெய் போட்டு அழுத்தி நீவ வேண்டாம், வீக்கம் கூடும். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது தொடர்ந்தால் நரம்பு அழுந்துகிறது என்று பொருள்; டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நறநறப்பு அடங்கிய பிறகு அந்தத் தம்பியிடம் மறுபடி ஒட்டடைக்கம்பைக் கொடுத்தேன். அவர் துடுப்புப் போடும்போதே சட்டென்று இழுத்துப் பார்த்தேன். கம்பு தடையில்லாமல் என் கைக்கு வந்துவிட்டது. "சரி தம்பி, இனிமே காரங்காட்டுக்குப் போகலாம்" என்றேன்.