கார் லீசிங்கை முன்கூட்டியே அடைத்தால்: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு உப்புவெளி, நிலாவெளி வீதியிலும் உவர்மலைப் பக்கமும் புதிய கார்கள் ஓடுவதைக் காண்கிறோம். அவற்றில் பல ரொக்கத்துக்கு வாங்கப்பட்டவை அல்ல. லீசிங் அல்லது வங்கிக் கடன், ஐந்து வருடத் தவணை. ஒரு வருடம், இரண்டு வருடம் கழியும்போது கையில் கொஞ்சம் பணம் சேருகிறது. சுற்றுலாக் காலம் நன்றாக அமைந்திருக்கலாம், தம்பலகாமத்துப் பெரும்போக அறுவடை கைகொடுத்திருக்கலாம், கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பியிருக்கலாம். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கடனில் போட்டு முடித்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

முடிக்கலாம். அநேகமாக அதுவே நல்லது. ஆனால் எப்போது முடிக்கிறீர்கள், எந்தக் கணக்கில் முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்கு மிச்சமாகும் தொகை சில இலட்சங்களாகவும் இருக்கலாம், சில ஆயிரங்களாகச் சுருங்கியும் போகலாம்.

மிச்சக் கடன் ஏன் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கிறது

30 இலட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 14 சதவீத வட்டி, 60 மாதம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்து செல்லும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் மாதத் தவணை ஏறத்தாழ 69,805 ரூபாய் வரும். ஐந்து வருடம் முழுவதும் கட்டினால் வட்டி மட்டும் 11 இலட்சத்து 88 ஆயிரம்.

முதல் மாதத் தவணையை மட்டும் பிரித்துப் பாருங்கள். 69,805 ரூபாயில் 35,000 வட்டிக்குப் போகிறது. முதலில், அதாவது வாங்கிய கடன் தொகையில், கழிவது 34,805 ரூபாய்தான். அடுத்த மாதம் வட்டி சற்றுக் குறையும், முதலில் கழிவது சற்றுக் கூடும். இப்படியே நகர்ந்து, கடைசி வருடத்தில் தவணை கிட்டத்தட்ட முழுவதும் முதலுக்கே போகும். வட்டியின் பெரும் பகுதியை முதல் இரண்டு மூன்று வருடங்களிலேயே கட்டி முடித்துவிடுகிறோம்.

இரண்டு வருடம், அதாவது 24 தவணை கட்டியவர் மொத்தம் 16 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பார். ஐந்தில் இரண்டு பங்கு கட்டியாயிற்று, ஆகவே முதலில் 12 இலட்சம் கழிந்திருக்கும், 18 இலட்சம் கொடுத்தால் போதும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு கிளைக்குப் போவார். அங்கே காட்டப்படும் நிலுவை 20 இலட்சத்து 42 ஆயிரம். என் உறவினர் ஒருவருக்கு இதே அனுபவம். கவுண்டரில் இருந்த பெண், "அண்ணா, கணினி காட்டுகிற தொகை இதுதான்" என்றார். இவர், "தங்கச்சி, இது எப்படி வந்தது என்று பிரித்து எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். எழுதித் தந்த தாளில் மீதி முதல், அன்றுவரைக்கான வட்டி, தாமதக் கட்டணம், முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் என நான்கு வரிகள் இருந்தன. நடக்கவே இல்லாத ஒரு தாமதத்துக்கான கட்டணம் மூன்றாம் வரியில் நின்றது. பற்றுச்சீட்டைக் காட்டியதும் அதை நீக்கினார்கள். பிரித்துக் கேட்டிராவிட்டால் அதுவும் சேர்த்தே கட்டப்பட்டிருக்கும்.

நிலுவை அதிகமாகத் தெரிவது ஏமாற்று அல்ல, வட்டிக் கணக்கின் இயல்பு. ஆனால் அந்தத் தொகைக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைக் கடன் எடுத்தவர் வரி வரியாகப் பார்த்தே ஆகவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வாயால் சொல்லும் தொகைக்கு ஒருபோதும் பணம் கட்டாதீர்கள். கடனை முடிக்கக் கட்டவேண்டிய தொகையைக் காட்டும் தீர்வுத் தொகைக் கடிதத்தை எழுத்தில், திகதியோடு, அது எந்த நாள்வரை செல்லும் என்ற குறிப்போடு வாங்குங்கள்.

இன்னொரு பொறி "ஃபிளாட்" வட்டி. 8 சதவீதம் என்று சொல்லிக் கொடுக்கப்படும் கடனில், முழு 30 இலட்சத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் 8 சதவீதம் போட்டால் வட்டி 12 இலட்சம், தவணை 70,000. மேலே பார்த்த 14 சதவீதக் கடனின் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றுதான். 8 என்று கேட்டு மகிழ்ந்தவர் உண்மையில் 14 சதவீதத்துக்குச் சற்று மேலே கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே ஒப்பந்தத்தில் ஆண்டுக்கான பயனுறு வட்டி வீதம் எவ்வளவு என்று பாருங்கள்.

எப்போது அடைத்தால் எவ்வளவு மிச்சம்

அதே 30 இலட்சக் கடனில், ஒரு வருட முடிவில் முழுவதையும் அடைத்தால் இனிக் கட்டவேண்டியிருந்த 7 இலட்சத்து 96 ஆயிரம் ரூபாய் வட்டி மிச்சம். இரண்டு வருட முடிவில் 4 இலட்சத்து 70 ஆயிரம். நான்காம் வருட முடிவில் வெறும் 60 ஆயிரம்.

இதிலிருந்து முன்கூட்டித் தீர்க்கும் கட்டணத்தைக் கழிக்கவேண்டும். இது கம்பனிக்குக் கம்பனி, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். உதாரணத்துக்கு மீதி முதலில் 3 சதவீதம் என்றால், இரண்டு வருட முடிவில் 61 ஆயிரம் கட்டணம், அதன் பிறகும் 4 இலட்சத்துக்கு மேல் இலாபம். நான்காம் வருட முடிவிலோ 23 ஆயிரம் கட்டணம் போக 37 ஆயிரம்தான் நிற்கும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு அடைப்பதால் பெரிய பயன் இல்லை.

முழுத் தொகையும் கையில் இல்லாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. ஒரு பகுதியை மட்டும் முதலில் கழிப்பதுகூடப் பலமான வழி. நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கார் ஓட்டும் ஒருவர், முதல் வருட முடிவில் 5 இலட்சம் கொண்டுபோகிறார் என்று வைப்போம். நிலுவை 25 இலட்சத்து 54 ஆயிரத்திலிருந்து 20 இலட்சத்து 54 ஆயிரமாக இறங்குகிறது. இங்கே அவர் முன் இரண்டு பாதைகள். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால், 48 மாதத்துக்குப் பதிலாக 37ஆம் மாதத்திலேயே கடன் முடிந்துவிடும், வட்டியில் 3 இலட்சத்து 19 ஆயிரம் மிச்சம். அப்படியன்றிக் காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால், மாதம் 56,142 ரூபாய் ஆகும், ஆனால் மிச்சம் 1 இலட்சத்து 56 ஆயிரம் மட்டுமே. அதே 5 இலட்சம், அதே நாள், ஆனால் பயன் இரண்டு மடங்கு வித்தியாசம். "காலத்தைக் குறைத்துத் தாருங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் அப்படிப் பதிவார்கள் என எண்ணிக்கொள்ளுங்கள். சில லீசிங் ஒப்பந்தங்களில் பகுதிக் கொடுப்பனவுக்கு இடமே இருக்காது. அப்படியானால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அடுத்த மாதத் தவணைக்கான முற்பணமாக வைக்கப்படும், முதலில் கழியாது. பணத்தைக் கொடுக்குமுன் இதைக் கேட்டு, பற்றுச்சீட்டில் "முதல் குறைப்பு" என்று எழுதச் சொல்லுங்கள்.

வங்கியில் நிலையான வைப்பில் போட்டு வட்டி எடுப்பது இலாபம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். 8 சதவீத வட்டி கிடைத்தாலும், 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் முற்பணவரியாகப் பிடிக்கப்படுவதால் கையில் வருவது 7.2 சதவீதம். 14 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 7.2 சதவீதம் சம்பாதிப்பது நட்டம்தான். இருந்தாலும் கடைசி ரூபாய்வரை கடனில் கொட்டிவிடக்கூடாது. நம் மாவட்டத்தில் மாரி காலத்தில் கடற்கரைப் பக்கம் ஆட்கள் வருவது குறைந்துவிடும், மீன்பிடியும் சுணங்கும். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவைத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோங்கள். கட்டிய பணத்தைக் கம்பனி திரும்பத் தராது, புதிதாகக் கடன் கேட்டால் வட்டி கூடுதலாகவும் இருக்கலாம்.

2022, 2023 ஆண்டுகளில் கடன் எடுத்தவர்களின் நிலைமை வேறு. 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் துணைநில் கடன் வசதி வீதம், அதாவது அது வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி வீதம், 16.50 சதவீதம்வரை ஏறியது. 2024 நவம்பரில் அறிமுகமான ஒற்றைக் கொள்கை வீதம் 8 சதவீதமாக வைக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் 7.75 ஆகியது. அன்றைய உயர்ந்த வீதத்தில் நிலையான வட்டிக்குக் கையெழுத்திட்டவர்கள், இன்றைய வீதத்தில் வேறு வங்கியில் கடன் எடுத்துப் பழையதை அடைக்க முடியுமா என்று கணக்குப் பார்க்கவேண்டும். பழைய கடனை முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம், புதிய கடனின் ஆவணச் செலவு இரண்டையும் கழித்த பிறகும் மிச்சம் வருகிறதா என்பதே கேள்வி.

சட்டம் உங்களுக்குத் தருவது என்ன

லீசிங் என்பது 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாகனத்தின் சொத்துரிமை கம்பனிக்கு, பாவிக்கும் உரிமை உங்களுக்கு. மத்திய வங்கி வெளியிட்ட 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வங்கிகளையும் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளையும் கட்டுப்படுத்துகின்றன. வட்டி, கட்டணங்கள், நிபந்தனைகளை ஒப்பந்தத்துக்கு முன்பே தெளிவாக வெளிப்படுத்த வேண்டும், முறைப்பாட்டைக் கையாள ஒழுங்கான வழி வைத்திருக்க வேண்டும் என்பவை அவற்றின் உயிர்நாடி. முன்கூட்டித் தீர்க்கும் கட்டணமும் ஒரு கட்டணம்தானே. கையெழுத்திடுமுன் அது எவ்வளவு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தமிழில் விளக்கம் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தில் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துத் திகைத்து நிற்கும் குடும்பங்களைக் கிண்ணியாவிலும் மூதூரிலும் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்கத்தான் இந்த விதிகள்.

தொகை தவறு என்று நினைத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள், பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போகலாம். தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலேயே ஒரு பிராந்திய அலுவலகம் இருக்கிறது, வழி கேட்பதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் என்ற மற்றொரு வாசலும் உண்டு.

பணம் கட்டிய பிறகு

கடைசிப் பற்றுச்சீட்டோடு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் அதிகம். வாகனப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். தற்போதைய உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர், முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர். கடன் முடிந்தாலும் இரண்டாவது பெயர் தானாக அழிந்துவிடாது. கம்பனியிடம் விடுவிப்புக் கடிதம் பெற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து அதை நீக்கவேண்டும். அதுவரை காரை விற்க நினைத்தால் வாங்குபவர் தயங்குவார். விண்ணப்பத்தைக் கொண்டு தூரப் பயணம் புறப்படுமுன், கச்சேரியில் உள்ள மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் தேவையான ஆவணங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடுவிப்புக் கடிதத்தில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் சான்றிதழில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று கம்பனியின் படியிறங்குமுன் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக மறுபடி அலைய நேரும்.

அடுத்தது காப்புறுதி. கடன் இருந்த காலத்தில் முழுக் காப்புறுதிப் பத்திரத்தில் கம்பனியின் நிதி உரிமை பதியப்பட்டிருக்கும். விபத்து நடந்தால் இழப்பீடு அவர்கள் வழியாகப் போகும். விடுவிப்புக் கடிதத்தின் பிரதியைக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுத்து அதையும் நீக்குங்கள். கணக்கிலிருந்து தானாகத் தவணை கழியும்படி வங்கிக்குக் கொடுத்த கட்டளை இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பிணை நின்றவர்களை மறக்கக்கூடாது. மச்சானோ, அலுவலகத்து நண்பரோ உங்களுக்காகக் கையெழுத்திட்டிருப்பார். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகத்தில், பிணையாளர் பெயரிலும் இந்தக் கடன் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததைக் கம்பனி பணியகத்துக்கு அறிவிக்க வேண்டும். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள். அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நிலுவை இன்னும் திறந்த கணக்காகக் காட்டினால், தீர்வுத் தொகைக் கடிதத்தையும் இறுதிப் பற்றுச்சீட்டையும் இணைத்து, திருத்தம் கேட்டு அதே கிளைக்கு எழுதுங்கள்.