போன் தேய்க்கும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்துவிடாது

"என் பிள்ளைக்குப் போனில் தெரியாததே இல்லை, நேராகக் கோடிங்கே சொல்லிக்கொடுங்கள்." மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதே பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மானிட்டரைத் தேய்க்கிறது. படம் வரைந்து முடித்து, சேமிக்காமலே மூடுகிறது. அடுத்த வகுப்பில் "என் படத்தைக் காணோம்" என்று அழுகை.

பிள்ளைமேல் தப்பில்லை. போனில் எடுத்த போட்டோ தானாகவே கேலரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பெயர் வைக்க வேண்டாம், எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று அறிய வேண்டாம். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானே ஓடும். யோசிக்காமல் பயன்படுத்தத் தோதாகச் செய்த கருவி அது. இரண்டு வயதுக் குழந்தையும் அதைத் தேய்க்கிறது என்றால், பெருமை அதை வடிவமைத்தவர்களுக்குத்தான். போன் ஒளித்துவைத்த வேலைகள்தான் கம்ப்யூட்டர் பாடமே: எங்கே வைத்தேன், என்ன பெயரில் வைத்தேன், எதை முதலில் செய்யச் சொன்னேன். தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஆசிரியர்களே, முதல் நாலைந்து வகுப்புகளைக் கைக்கும் ஃபைலுக்கும் கொடுங்கள். டபுள் கிளிக் வராததற்குக் காரணம், இரண்டு அழுத்தலுக்கு நடுவே மவுஸ் நகர்ந்து ஐகான் இழுபடுவது. மணிக்கட்டை மேஜையில் ஊன்றச் சொல்லுங்கள். செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் வராவிட்டால் ஒரு கிளிக், பிறகு என்டர். கால் தொங்கினால் கீழே பலகை போடுங்கள். புதுப் பக்கம் திறந்ததும் முதல் வேலை பெயர் வைத்துச் சேமிப்பது. வரைவதும் எழுதுவதும் அப்புறம். ஒரே ஒரு பெரிய எழுத்துக்குக் கேப்ஸ் லாக் போடும் பழக்கத்தை அன்றே நிறுத்தி, ஷிஃப்டைக் காட்டுங்கள். "பாஸ்வேர்ட் போகவில்லை" என்று வரும் புகாரில் பாதி, அணைக்க மறந்த கேப்ஸ் லாக்தான்.

பிறகுதான் ஸ்கிராட்ச்: கட்டளை எழுதிய கட்டைகளைத் திரையில் அடுக்கி, ஒரு பூனைப் படத்தை நகரவைத்துக் கோடிங் பழகும் மென்பொருள். அது 8 வயதுக்கு மேல் என்று உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். 5 முதல் 7 வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் தனியாக இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் பெரியதைத் திணிக்காதீர்கள். ஸ்கிராட்சில் பூனை நகரும் மேடையில் இடங்களை எண்ணால் குறிப்பார்கள்; இடது ஓரம் மைனஸ் 240. மைனஸ் எண்ணே படிக்காத பிள்ளைக்கு அதில் என்ன புரியும்? '100 அடி நகர், 90 டிகிரி திரும்பு' இரண்டையும் 4 முறை திரும்பச் செய்தால் சதுரம்; அதிலிருந்து தொடங்குங்கள்.

ஓட்டியதும் "ஒன்றுமே நடக்கலை" என்பார்கள். நடந்தது, கண் சிமிட்டும் நேரத்தில் பூனை சுற்றிவந்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஒரு விநாடி காத்திருக்கும் கட்டையை உள்ளே சேர்த்தால் ஒவ்வொரு பக்கமும் தெரியும். ஆனால் மவுஸைப் பிடுங்கி நீங்கள் சேர்க்காதீர்கள்! ஒரு பிள்ளை கட்டைகளை உரக்க வாசிக்கட்டும், இன்னொரு பிள்ளை தரையில் அப்படியே நடக்கட்டும். நாலாவது திருப்பத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் போதும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறட்டும். மாற்றாவிட்டால் ஒருவர் மட்டுமே படிப்பார்.

வகுப்பு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்காதீர்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் அழித்துவிடுவார், யாரென்று தெரியாது.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீடு திரும்பியதும் "கோடிங் படித்தாயா" என்று கேட்காதீர்கள். "இன்றைக்குச் செய்ததற்கு என்ன பெயர் வைத்தாய், எந்த ஃபோல்டரில் வைத்தாய்" என்று கேளுங்கள்.