பொய்யாக இருந்தாலும் இதுவே நடந்திருக்குமா?

சளி பிடித்த ஒருவர் ஏதோ ஒரு மருந்தைக் குடிக்கிறார். ஒரு வாரத்தில் சளி போய்விடுகிறது. மருந்துதான் குணப்படுத்தியது என்று அவர் நம்புவதில் வியப்பில்லை. ஆனால் சாதாரணச் சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். ஆகவே அவர் குடித்தது வெறும் தண்ணீராக இருந்திருந்தாலும் இதே பலனைத்தான் கண்டிருப்பார். ஒரு கூற்று மெய்யானாலும் பொய்யானாலும் நம் கண்ணில் படப்போவது ஒன்றுதான் என்றால், அப்படிக் கண்டது எதற்கும் சான்றாகாது. பகுத்தாராயும் கலையின் பெரும்பகுதி, ‘இது பொய்யாக இருந்திருந்தால் நான் எதைக் கண்டிருப்பேன்?’ என்று கேட்டுப் பார்ப்பதிலேயே அடங்கியிருக்கிறது.

கேட்பதற்கு எளிய கேள்விதான். அதைச் சோதனையாக மாற்றுவதில்தான் சிரமம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் அதைப் பழக்கியிருந்தார். கணக்கைச் சொன்னால் அது விடைக்குரிய எண்ணிக்கையில் குளம்பைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். 1904இல் இதை ஆராய்ந்த குழு ஏமாற்று வேலை எதையும் காணவில்லை. உரிமையாளர் அருகில் இல்லாமல் வேறொருவர் கேட்டபோதும் விடை சரியாகவே வந்தது. பலர் இத்துடன் நிறைவடைந்திருப்பார்கள். ஆனால் ‘இதில் ஏமாற்று இல்லை’ என்பதும் ‘குதிரைக்குக் கணக்குத் தெரியும்’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவது உறுதியானதால் இரண்டாவதும் உறுதியாகிவிடாது.

ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்ற ஆய்வாளர் இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாவிட்டால், கேட்பவரிடமிருந்துதான் அது விடையைப் பெறவேண்டும். அப்படியானால், கேட்பவருக்கே விடை தெரியாதபோது அது தடுமாற வேண்டும். எனவே ஒருவர் ஓர் எண்ணைக் குதிரையின் காதில் மெல்லச் சொன்னார். மற்றவர் வேறோர் எண்ணைச் சொன்னார். இரண்டையும் கூட்டினால் என்ன வரும் என்பது சுற்றி நின்ற எவருக்கும் தெரியாது. குதிரையின் திறமை அங்கேயே கலைந்தது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தபோதும் அதே கதைதான். கணக்கைச் சொன்னவர் குளம்பைக் கவனிக்கத் தம்மையறியாமல் சற்றே குனிகிறார், சரியான எண் வந்ததும் அவர் தலை நூலிழை அளவு நிமிர்கிறது, அதைக் கண்டு குதிரை நிறுத்துகிறது என்பதை ஃபூங்ஸ்ட் கண்டறிந்தார். இதில் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: இவ்வளவும் தெரிந்த பிறகும், தம் தலை அசைவை ஃபூங்ஸ்டாலேயே முழுதாக அடக்க முடியவில்லை. நேர்மை ஒருவரைத் தன்னேமாற்றத்திலிருந்து காப்பதில்லை என்பதால்தான், இன்றைய மருந்துச் சோதனைகளில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதை நோயாளியிடமிருந்து மட்டுமல்லாமல் மருத்துவரிடமிருந்தும் மறைத்துவைக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையும் இதற்கு விலக்கல்ல. 1950களில் இதயவலி நோயாளிகளுக்கு மார்பின் உட்புறத் தமனியைக் கட்டிவிடும் சிகிச்சை பரவியிருந்தது. அப்படிக் கட்டினால் இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் திரும்பும் என்பது கணிப்பு. நோயாளிகள் பலரும் வலி குறைந்ததாகவே சொன்னார்கள். 1959இல் வெளியான ஆய்வில், சிலருக்குத் தமனியைக் கட்டினார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். தமனி கட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட எந்த வகையிலும் மேம்படவில்லை. விரைவிலேயே அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டது.

இதே கேள்வி எண்களிலும் ஒளிந்திருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோயைக் கண்டறிய ஒரு சோதனை இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவரை அது தவறவிடாது, ஆனால் நோயற்ற நூறு பேரில் ஐவருக்கும் ‘நோய் உண்டு’ என்று காட்டிவிடும். அறிகுறி ஏதுமற்ற ஒருவருக்கு அப்படி முடிவு வந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஏறக்குறைய இதே கணக்கைக் கேட்டபோது, மிகுதியாக வந்த விடை 95 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயுள்ள ஒருவரோடு, நோயற்ற ஏறத்தாழ 50 பேரும் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள். ஆகவே வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான். 95 என்று சொன்னவர்கள், நோயில்லாமலே இந்த முடிவைப் பெறுவோர் எத்தனை பேர் என்று எண்ணத் தவறினார்கள்.

எதையும் நம்ப மறுப்பதும் இந்தக் கேள்விக்கு உட்பட்டதே. இரைப்பை, குடல் புண்களுக்கு ஒரு பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 1980களில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒருவரிடம், அதுவும் விளைவை எதிர்பார்த்துக் காத்திருந்தவரிடம் கண்டதன் எடை குறைவு. கிருமியை ஒழித்தவர்களுக்குப் புண் திரும்ப வருவது அரிதாகவும், ஒழிக்காதவர்களுக்கு அடிக்கடியும் இருந்தது என்று பின்னர் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகள் காட்டின. கிருமி காரணமாக இல்லாதிருந்தால் அந்த வேறுபாடு வந்திருக்க வழியில்லை.