மூக்கு பெருத்தவரெல்லாம் குடிகாரர் இல்லை

“சத்தியமா நான் குடிக்கிறதே இல்ல டாக்டர்.” மூக்கு பெருத்து வருகிறவர்கள் உட்காரும் முன்பே இதைத்தான் சொல்கிறார்கள். ஊர் வாய்க்குப் பயந்து வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, மூக்கின் வடிவமே மாறிய பிறகு வருகிறார்கள்.

இதன் பெயர் ரைனோஃபைமா. ரொசேஷியா என்ற தோல் நோயின் ஒரு வகை. எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, சுற்றிலும் நார்த்திசு தடித்துக்கொண்டே போகும். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிறது. மது இதற்குக் காரணம் இல்லை. குடித்தால் ரத்தக்குழாய் விரிந்து முகம் சிவக்கும். ரொசேஷியா உள்ளவருக்கு அந்தச் சிவப்பு கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். வெயிலும் அடுப்பு வெக்கையும் ஆவி பறக்கும் காபியும் அதே வேலையைச் செய்கின்றன. காபி குடிப்பவரை யாரும் தலைகுனிய வைப்பதில்லையே! ஒரு சொட்டுகூடத் தொடாதவருக்கும் இது வரும். வீட்டில் உள்ளவர்களே, தயவுசெய்து அவரைச் சந்தேகிக்காதீர்கள்.

நம் மாநிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. முக எரிச்சல், மூக்கு நுனியில் விரிந்துகொண்டே போகும் துளைகள், அழுத்தினால் வெள்ளையாக வரும் கொழுப்பு, தடிக்கும் தோல் ஆகியவற்றைக் கவனியுங்கள். கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தினால் அதையும் சொல்லுங்கள். ரொசேஷியா கண்ணையும் பாதிக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை முகத்தில் தடவாதீர்கள். சில நாள் அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். மாதக்கணக்கில் தடவியிருந்தால் அந்த ட்யூபையும் கையோடு கொண்டு வாருங்கள். எப்படி நிறுத்துவது என்பதற்கும் முறை இருக்கிறது. மூக்கைப் பிதுக்கவும் வேண்டாம்.

பெருத்த மூக்கெல்லாம் ரைனோஃபைமாவும் இல்லை. காது மடலும் சேர்ந்து தடித்தால் தொழுநோய்க்கான பரிசோதனை அவசியம். ஒரு பக்கம் மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ பயாப்சியை (சிறு துண்டுத் திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) தள்ளிப்போடாதீர்கள்.

ஆரம்ப நிலையில் மெட்ரோனிடசோல் 0.75% ஜெல், ஐவர்மெக்டின் 1% க்ரீம், டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆகியவை ரொசேஷியாவின் அழற்சியை அடக்கும். குறைந்த அளவு ஐசோட்ரெட்டினாயின் சுரப்பிகளைச் சுருக்கும். இடையிடையே கல்லீரல், கொழுப்புப் பரிசோதனை வேண்டும். ஐசோட்ரெட்டினாயினையும் டாக்ஸிசைக்ளினையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது; மூளைக்குள் அழுத்தம் கூடலாம். பழைய மாத்திரைச் சீட்டை மறைக்காதீர்கள்.

நார்த்திசு இறுகிவிட்டால் மாத்திரையால் கரையாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, பிளேடாலோ ரேடியோஃப்ரீக்வன்சி வளையத்தாலோ கார்பன் டை ஆக்சைடு லேசராலோ அடுக்கடுக்காகச் சீவியெடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. சுரப்பிகளின் அடிப்பகுதியை விட்டுவைத்தால் அதிலிருந்தே புதுத்தோல் வளரும். ஆழமாகப் போனால் குருத்தெலும்பு வெளியே தெரியும், தழும்பு விழும், மூக்கின் ஓரம் மேலே இழுத்துக்கொள்ளும். ஆகவே கொஞ்சம் குறைவாகச் சீவுவதே நல்லது. மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். புண்ணைக் காயவிடாமல் ஆயின்மென்ட் போட்டு ஈரப்பதத்தோடு வையுங்கள். மஞ்சள் பூச வேண்டாம். ஆறிய பிறகு தினமும் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். சில வருடங்களில் திரும்ப வளரலாம்.

சீவியெடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தடித்த மூக்குக்குள் தோல் புற்றுநோய் மறைந்திருப்பது அபூர்வம்தான், ஆனால் உண்டு. ரிப்போர்ட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.